சீசன் நடுவே டிரைவர் மாற்றம்: இரண்டு கார் அணி ஒன்றில் நடந்தவை

பின்னணி

கோவையில் பட்டறை வைத்து, தேசிய அளவிலான இளையோர் ஒற்றை இருக்கைத் தொடரில் இரண்டு கார்களை ஓட்டும் சிறிய அணி அது. ஒரே சீசனில் அந்த அணியில் நடந்த டிரைவர் மாற்றங்களின் பதிவு இது. ஆட்கள் யாரென்று தெரியக் கூடாது என்பதால் பெயர், ஆண்டு, கார் எண் எதுவும் தரவில்லை. முதல் காரை ஓட்டிய 24 வயதுக்காரரை ‘மூத்தவர்’ என்றும், இரண்டாம் காரை ஓட்டிய 19 வயதுக்காரரை ‘இரண்டாமவர்’ என்றும், பின்னர் வந்து சேர்ந்த 16 வயதுப் பெண்ணைப் ‘புதியவர்’ என்றும் குறிப்பிடுகிறோம்.

சீசனில் ஐந்து சுற்றுகள். முதலாவதும் நான்காவதும் கோவை செட்டிபாளையத்தில், கரிவரதன் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வேயில். மற்ற மூன்றும் இருங்காட்டுக்கோட்டையில், 3.717 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னை டிராக்கில். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று ரேஸ். 1300 சிசி சுசுகி எஞ்சின், சாலைக் காரிலிருந்து எடுத்த எச் வடிவ கியர்பாக்ஸ், எல்லோருக்கும் ஒரே டயர், சீல் வைத்த எஞ்சின். ஸ்டியரிங்குக்குப் பின்னால் பட்டையைத் தட்டிக் கியர் மாற்றும் ஃபார்முலா 4 கார் அல்ல இது. கிளட்சும் கியர்க் கம்பும் டிரைவரின் கைகாலில்தான் இருந்தன. பின்னால் வரும் சேதத்துக்கு இதுவே பாதிக் காரணம்.

அணியில் ஒரு இன்ஜினியர், நான்கு மெக்கானிக்குகள். டிரைவர்கள் சுற்றுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டுவார்கள். சேதத்துக்குத் தனியாக முன்பணம் உண்டு. ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். விலகினால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை.

விலகல்

இரண்டு சுற்று முடிந்தபோது மூத்தவர் புள்ளிப் பட்டியலில் மூன்றாமிடம். மூன்றாம் சுற்றுக்கு 19 நாள் இருக்கையில் பெரிய அணி ஒன்று அவரை அழைத்தது, போய்விட்டார். அவருடைய ஸ்பான்சரும் கூடவே போனார். மூன்றாம் நாள் அந்தக் காரின் தலைமை மெக்கானிக்கும் அதே அணிக்குச் சென்றார். இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. 24 வயதில் இந்தத் தொடரில் இன்னொரு வாய்ப்புக்காகக் காத்திருக்க யாராலும் முடியாது. மெக்கானிக்குக்கும் சம்பளம் கூடியது.

இழப்பு எவ்வளவு என்பது அந்தத் தலைமை மெக்கானிக் போன மறுநாள்தான் தெரிந்தது. அந்தக் காரின் ஸ்பிரிங், கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் அளவு), டோ (சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), தரை உயரம், பிரேக் பயஸ் (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசை பிரியும் விகிதம்) அளவுகள் எல்லாம் அவருடைய சொந்த நோட்டில் இருந்தன. நோட்டு அவருடையது, எடுத்துச் சென்றார். அணியிடம் மிஞ்சியவை கைப்பேசியில் இருந்த இரண்டு படங்களும், தொழில்நுட்பப் பரிசோதனையில் கொடுத்த எடைச் சீட்டும்தான். கார் நின்ற நிலையில் அளந்து எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அளந்தும் விட்டார்கள். ஆனால் ஓர் அளவு ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பதைக் காரை அளந்து தெரிந்துகொள்ள முடியாது. பிரேக் பயஸ் கம்பி பின்சக்கரம் பக்கமாக ஒன்றரைச் சுற்றுத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. மூத்தவர் குதிகாலும் முன்பாதமும் சேர்த்து மிதித்து ஆர்பிஎம்மை (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கையை) ஏற்றிக் கியர் இறக்குவதில் தேர்ந்தவர், அதனால்தான் அவருக்கு அந்த அளவு ஒத்துவந்தது. இந்தக் காரணம் எந்தத் தாளிலும் இல்லை.

மாற்று டிரைவர்

அணியின் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒரே காரோடு சீசனை முடிக்கலாம். அனுபவமுள்ள ஒருவரை ஒரு சுற்றுக்கு மட்டும் அழைக்கலாம். அல்லது மீதி மூன்று சுற்றுக்கும் முழுப் பணம் கட்டத் தயாராக இருந்த, கார்ட் எனும் சிறு திறந்த வண்டி ரேஸில் நல்ல பெயர் எடுத்த 16 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். அணி மூன்றாவதைத் தேர்ந்தது. அந்தப் பணம் இல்லாவிட்டால் நான்காம் சுற்றுக்கு டயர் வாங்கவே திண்டாட்டம். அவரைத் தேர்ந்தது தவறில்லை என்பதே எங்கள் கணிப்பு. தவறு, அவரை எந்தச் சுற்றில் இறக்குவது என்ற முடிவில் இருந்தது.

ஒப்புக்கொண்ட நாளில் மீதமிருந்தது ஒன்பது நாள். அதில் ஆறு நாள் காகிதத்துக்கே போயிற்று. கார்ட் உரிமத்தைக் கார் ரேஸ் உரிமமாக மாற்ற, இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.க்கு விண்ணப்பம், மருத்துவச் சான்று, வயது 18க்குக் கீழ் என்பதால் பெற்றோர் கையொப்பம், பதிவு முடிந்த பிறகு டிரைவரை மாற்றுவதற்கு அதிகாரிகளிடம் எழுத்து மூல அனுமதி. அத்தனையும் முடிந்த பிறகுதான் அவர் முதல்முறையாகக் காருக்குள் உட்கார்ந்தார். மறுநாள் காலை லாரி சென்னைக்குக் கிளம்ப வேண்டும்.

இருக்கையும் எடையும்

மூத்தவர் ரேஸ் உடை, ஹெல்மெட்டோடு 79 கிலோ. புதியவர் 54. இந்தத் தொடரில் காரும் டிரைவரும் சேர்ந்துதான் குறைந்தபட்ச எடை. பழைய கணக்கில் 3 கிலோ கூடுதலாக இருந்ததால், 22 கிலோ ஈயம் ஏற்ற வேண்டியதாயிற்று. 300க்கு 200 மில்லிமீட்டர் அளவில் 16 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஈயப் பலகை ஒன்று ஏறக்குறைய 11 கிலோ வரும். அப்படி இரண்டு. அன்றிரவு எளிதில் துளை போட முடிந்த இடம் பெடலுக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கத் தரை. அங்கேயே போல்ட் போட்டு இறுக்கினார்கள்.

எடைத்தராசில் நிறுத்தியபோது மொத்தம் சரியாக வந்தது. அதோடு விட்டுவிட்டார்கள். நான்கு சக்கரத்தின் எடையையும் தனித்தனியே படித்திருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்கும். ஈயம் இடது ஓரத்தில் இருந்ததால் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 8 கிலோ அதிகம். டிரைவரின் உடல் இருக்கும் இடத்தைவிட அது அரை மீட்டருக்கு மேல் முன்னால் இருந்ததால் பின்சக்கரங்கள் மேல் இருந்த பாரத்தில் 6 கிலோ முன்னுக்குப் போயிருந்தது. பின்சக்கரம் இலகுவானால் பிரேக்கில் அது முதலில் சுழலாமல் பூட்டும். பயஸ் ஏற்கெனவே பின்பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இருக்கையை நுரை ஊற்றிச் செய்தார்கள். இரண்டு திரவத்தைக் கலந்து தடிமனான பிளாஸ்டிக் பையில் ஊற்றி, அதன்மேல் டிரைவரை உட்கார வைத்தால், நுரை பொங்கி உடல் வடிவத்துக்கு இறுகும். கலந்த ஒரு நிமிடத்துக்குள் பொங்கத் தொடங்கும், சூடும் ஏறும். அதனால் முதலில் முதுகின் அடிப்பகுதி, அது இறுகிய பிறகு பக்கவாட்டு, கடைசியாகத் தோள் என்று மூன்று தடவையாக ஊற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் டிரைவர் முழு உடையோடு, ஹெல்மெட்டும் கழுத்துக் காப்பும் போட்டு, பெடலில் கால் வைத்து, பெல்ட்டைத் தளர்வாகப் பூட்டி அசையாமல் இருக்க வேண்டும். அன்று நேரமில்லை என்று ஒரே தடவையில் ஊற்றிவிட்டார்கள். ஹெல்மெட் இல்லை, பெல்ட் பூட்டவில்லை. நுரை அடியில் அதிகம் தங்கி அவரை மேலே தூக்கியது.

கால் எட்டாததற்குப் பெடல்கள் மேல் 40 மில்லிமீட்டர் அலுமினியக் கட்டை வைத்தார்கள். இந்தக் கட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் சுற்று, சென்னை

வியாழன் மாலைப் பரிசோதனையில் அதிகாரி ஒருவர் பெல்ட்டைப் பார்த்து நிறுத்தினார். இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டிய பட்டை வயிற்றின் மேல் கிடந்தது. மோதினால் அந்தப் பட்டை உள்ளுறுப்பை அழுத்தும். தோள் பெல்ட்டும் சரியில்லை. தோளிலிருந்து பின்னோக்கிக் கிடைமட்டமாகவோ சற்றுக் கீழாகவோ போக வேண்டியது, புதியவர் குட்டையானவர் என்பதால் மேல்நோக்கி ஏறியது. தோள் பெல்ட்டின் பிடிப்பிடத்தைக் கீழ்த்துளைக்கு இறக்கினார்கள். இருக்கையின் அடியில் 30 மில்லிமீட்டரை ரம்பத் தகட்டால் அறுத்தெடுத்தார்கள். பெல்ட் சரியாயிற்று. ஆனால் அறுத்த விளிம்பு இடுப்பில் குத்தி, வெள்ளி மதியத்துக்குள் இரண்டு பக்கமும் கன்றிப்போனது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. புதிய அணியில் இடம் கிடைத்த பிள்ளை வலியைச் சொல்லாது; கேட்க வேண்டியது பெரியவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் இரண்டாமவரைவிட லேப்புக்கு 4.8 விநாடி பின்தங்கினார். இரண்டாம் பயிற்சியில் 3.1 விநாடி. வளைவுகளில் வேகமாகத் தேறினார். ஆனால் நேர்பாதை முடிவில் வேகம் இரண்டாமவரின் காரைவிட மணிக்கு 9 கிலோமீட்டர் குறைவாகவே நின்றது. காரில் பதிவான டேட்டாவில் ஆக்சிலரேட்டர் கோடு 91 சதவீதத்துக்கு மேல் ஏறவே இல்லை. முழுதாக மிதிக்கப் பயப்படுகிறார் என்று இன்ஜினியர் முடிவு கட்டினார்.

“கண்ணு, நேர்ல பயப்படாம முழுசா மிதி” என்றார் மெக்கானிக்.

“முழுசாத்தான் அண்ணா மிதிக்கிறேன்.”

இந்தப் பதிலை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. 91 என்பது எல்லா லேப்பிலும், எல்லா நேர்பாதையிலும் அப்படியே 91. பயந்து மிதிக்கும் கால் லேப்புக்கு லேப் மாறும். ஒரே எண்ணில் போய் நிற்காது. எதிலோ இடித்து நிற்கும் பொருள்தான் அப்படி நிற்கும். டேட்டா படிப்பவர் கண்ணில் முதலில் பட்டிருக்க வேண்டியது இது.

சனிக்கிழமை, ரேஸில் புறப்படும் வரிசையை முடிவு செய்யும் குவாலிஃபையிங். பயம் என்று சொல்லிவிட்டதால் புதியவர் இழந்த நேரத்தைப் பிரேக்கில் ஈடுகட்டப் பார்த்தார், ஒவ்வொரு லேப்பிலும் இன்னும் தாமதமாகப் பிரேக் பிடித்தார். நான்காம் லேப்பில் மூன்றாம் கியரில் 6,000 ஆர்பிஎம் இருக்கும்போதே இரண்டாம் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார். இந்தக் கியர்பாக்ஸில் மூன்றாம் கியர் விகிதம் 1.28, இரண்டாவது 1.89. அதே சாலை வேகத்தில் எஞ்சின் 8,800ஐத் தாண்டிச் சுழல வேண்டிவரும். லிமிட்டர் 7,000இல் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் லிமிட்டர் ஆக்சிலரேட்டரால் ஏறும் ஆர்பிஎம்மை மட்டுமே தடுக்கும். பின்சக்கரம் எஞ்சினைச் சுழற்றும்போது அதற்கு வேலை இல்லை. பின்சக்கரங்கள் பூட்டின, கார் சுழன்று ஓரத்தில் நின்றது. ஆளுக்குக் காயமில்லை.

எஞ்சின் திணறியபடி ஓடியது. கம்ப்ரஷன் பார்த்ததில் நான்கு சிலிண்டரில் மூன்றில் 180 பிஎஸ்ஐக்கு மேல், மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் 120. காற்றை அடைத்துப் பார்த்தபோது எக்ஸாஸ்ட் குழாய் வழியே சீறல் கேட்டது. வால்வு வளைந்திருந்தது.

ரேஸிலிருந்து விலகும் முடிவு

மாற்று எஞ்சின் ஒன்று கையில் இருந்தது. மூன்று மணி நேரத்தில் மாற்றி மாலை ரேஸுக்கு இறக்கியிருக்கலாம். புதியவரின் அப்பா அதைத்தான் கேட்டார். பணம் கட்டியவர் கேட்பது நியாயம்தான். ஆனால் இன்ஜினியர் மறுத்தார். கார் ஏன் சுழன்றது என்று உறுதியாகத் தெரியாமல், 16 வயதுப் பிள்ளையை இருபது கார் நடுவே அனுப்ப மாட்டேன் என்றார். அந்தச் சுற்றில் எடுத்த மிகச் சரியான முடிவு இது. மூன்று ரேஸும் போயிற்று, புள்ளி எதுவும் கிடைக்கவில்லை.

எஞ்சினைக் கழற்றும்போதுதான் கட்டையின் கதை தெரிந்தது. ஒரு மெக்கானிக் பெடலைக் கையால் அழுத்த, இன்னொருவர் காற்று உள்ளே போகும் வாயில் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் பட்டாம்பூச்சி வால்வு முழுதாகத் திறக்கவில்லை. பெடல் மேல் வைத்த கட்டையின் கீழ்மூலை, பெடல் முழு அளவு போகும் முன்பே குதிகால் தடுப்பில் இடித்தது. பார்க்க ஆனது இரண்டே நிமிடம்.

அன்று மாலையே இன்ஜினியர் புதியவரையும் அப்பாவையும் காரருகே அழைத்து, பட்டாம்பூச்சி வால்வைக் காட்டி, தவறு அணியுடையது என்று சொன்னார். எஞ்சின் சேதத்தை முன்பணத்தில் கழிக்கவில்லை, அணியே ஏற்றது. புதியவர் அடுத்த சுற்றுக்கு வந்ததற்குக் காரணம் இந்த ஒப்புதல்தான் என்று அப்பா பிறகு சொன்னார்.

ஐந்து வாரம்

நான்காம் சுற்றுக்கு ஐந்து வாரம் இருந்தது. முதல் வாரம் இருக்கைக்கு: மூன்று தடவையாக ஊற்றி, ஒவ்வொன்றுக்கும் நடுவே பெல்ட் படியும் இடத்தைச் சரிபார்த்து, கடைசியில் தீப்பிடிக்காத துணி போர்த்தினார்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் முன்வளையத்தின் உச்சியிலிருந்து பின்வளையத்தின் உச்சிக்கு நூல் பிடித்து, ஹெல்மெட் அதற்குக் கீழே இருப்பதை உறுதி செய்தார்கள். பூட்டிய நிலையிலிருந்து வெளியே வர பத்து விநாடி என்று அணியே வரம்பு வைத்தது. ஈயத்தை முழங்காலுக்குக் கீழே நடுக்கோட்டுக்கு மாற்றி, பலகைக்கு நான்கு எம்10 போல்ட், அடியில் தாங்குத் தகடு. கட்டைகளை எறிந்துவிட்டுப் பெடல் பெட்டியையே பின்னுக்கு நகர்த்தினார்கள். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அரை நாள் வேலை என்பதால் தள்ளிப் போட்டிருந்தார்கள்.

கால்வேலைதான் நீண்டது. அவர் ஓட்டிய கார்ட்டில் பிரேக் இடது காலில். கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. ஐந்தாண்டு அப்படியே ஓட்டியவர் இந்தக் காரிலும் இடது காலால் பிரேக் பிடித்தார். கியர் இறக்கும் நேரத்தில் அந்தக் காலைக் கிளட்சுக்கு மாற்ற வேண்டியிருந்தது. பிரேக் அழுத்தக் கோட்டில் ஒட்டக முதுகு மாதிரி இரண்டு மேடு தெரிந்தது அதனால்தான். நடுவில் இருக்கும் பள்ளத்தில் கார் பிரேக் இல்லாமல் ஓடுகிறது. வலது காலால் பிரேக் பிடித்து, அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டும் பழக்கத்துக்கு மாற வேண்டும். 18 வயது ஆகாததால் சாலைக் காரில் பழக்க முடியாது. தாங்கியில் ஏற்றிய காரில் தினமும் இருபது நிமிடம், எச் வடிவக் கியர் வைத்த சிமுலேட்டரில் ஒரு மணி நேரம் என்று பழகினார்.

கூடவே இரண்டு எண்களை மனப்பாடமாகக் கொடுத்தார்கள். நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்க ஆர்பிஎம் 5,000க்குக் கீழே வர வேண்டும், மூன்றிலிருந்து இரண்டுக்கு 4,700க்குக் கீழே. இறக்கிய பிறகு 7,000ஐத் தாண்டாத கணக்கு அது. மீட்டரில் 4,700இல் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். முதலில் பிரேக், வேகம் குறைந்த பிறகே கியர். பயஸை இரண்டு சுற்று முன்பக்கம் திருப்பினார்கள். நேரம் கொஞ்சம் போகும். போகட்டும் என்று விட்டார்கள்.

இங்கே இன்னொரு பிழையும் நடந்தது. முதல் சோதனை நாளில் இரண்டாமவரின் காரிலிருந்த அளவுகளை அப்படியே இந்தக் காருக்கு எடுத்தார்கள். அவர் வளைவின் நடுவரை பிரேக்கை விடாமல் கொண்டுபோய்க் காரைத் திருப்புபவர், அதற்காகப் பின்பக்கம் இறுக்கமான ஸ்பிரிங். புதியவருக்கு அது வழுக்கியது. மதியம் பின் ஸ்பிரிங்கை ஓரளவு இளக்கியதும் 0.7 விநாடி குறைந்தது. தம்பிக்குத் தைத்த சட்டை தங்கைக்குப் பொருந்தாது என்று மெக்கானிக் சொன்னதைச் செட்டப் தாளின் ஓரத்தில் இன்ஜினியர் எழுதி வைத்தார்.

நான்காம் சுற்றும் இரண்டாவது விலகலும்

கோவையில் 11, 9, 9 என்று முடித்தார். சுழல்வு இல்லை, ஆர்பிஎம் மீறல் இல்லை. மூன்றாம் ரேஸில் அவருடைய வேகமான லேப் இரண்டாமவரைவிட 0.9 விநாடி மட்டுமே அதிகம்.

இதற்கு விலை கொடுத்தவர் இரண்டாமவர். ஐந்து வாரமும் மூன்று மெக்கானிக்குகள் முதல் காரிலேயே இருந்தார்கள். அவருடைய கியர்பாக்ஸ் சத்தம் போடுவதாக இருமுறை சொல்லியும் திறந்து பார்க்கவில்லை. இரண்டாம் ரேஸில் மூன்றாம் கியர் நின்றுபோனது. சுற்று முடிந்ததும் அவரும் கிளம்பினார். ஒரு காரின் தவறைத் திருத்தப்போய் இன்னொரு காரை மறந்த இந்தத் தவறு முந்தையதைவிடச் சிறிதல்ல. அந்த இளைஞர் நியாயமாகத்தான் போனார்.

இம்முறை தாள் இருந்தது. ஸ்பிரிங், கேம்பர், டோ, தரை உயரம், நான்கு சக்கர எடை, பயஸ், டயரின் குளிர்ந்த மற்றும் சூடான அழுத்தம், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஏன்’ என்று ஒரு வரி. ஒன்பது நாளில் விருந்தினர் டிரைவர் ஒருவருக்கு இரண்டாம் கார் தயாரானது. உடல் அளவு ஏறக்குறைய ஒன்று என்பதால் ஈயம் தேவைப்படவில்லை. இருக்கைக்கு ஒரு நாள், சோதனைக்கு ஒரு நாள்.

முடிவு

கடைசிச் சுற்றில் புதியவர் 8, 7, 6. விருந்தினர் ஒரு ரேஸில் ஐந்தாமிடம். மூத்தவரின் புள்ளிகள் அவரோடு புது அணிக்குப் போய்விட்டன. டிரைவர் புள்ளி ஆளுக்கு, அணிப் புள்ளி காருக்கு என்பது விதி. மூன்றாம் சுற்றில் ஒரு கார் ஓடாததால் அணிப் பட்டியலில் மூன்றிலிருந்து ஆறாமிடத்துக்கு இறங்கினார்கள். புதியவர் அடுத்த சீசனுக்கும் கையெழுத்திட்டார்.

மாற்றியவை

ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு சேர்ந்தது, டிரைவருக்கும் அணிக்கும் ஒரே அளவில். செட்டப் தாள் அணியின் சொத்து, மெக்கானிக்குக்கு நகல் உண்டு என்று எழுதப்பட்டது. புது டிரைவர் ஒரு முழு சோதனை நாள் ஓடாமல் ரேஸில் இறங்குவதில்லை. இதற்காக ஒரு சுற்றை இழந்தாலும் சரி. ஒரு காருக்கு இரண்டு மெக்கானிக் என்பதை எந்த நெருக்கடியிலும் மாற்றுவதில்லை, உதவி வேண்டுமென்றால் வெளியாளைக் கூலிக்கு எடுப்பது. டிரைவர் சொல்லும் குறை, கேட்ட நேரத்தோடு தாளில் ஏறும். திறந்து பார்த்தவர் கையெழுத்திட வேண்டும்.

பெடலில் யார் கை வைத்தாலும் செய்ய வேண்டிய சோதனை அந்தத் தாளின் முதல் வரியாக அச்சாகியிருக்கிறது: டிரைவர் உட்கார்ந்து முழுதாக மிதிக்க வேண்டும், ஒருவர் டார்ச் அடித்து வால்வைப் பார்க்க வேண்டும், டேட்டாவில் 100 வருவதை மூன்றாமவர் பார்க்க வேண்டும். அதன்கீழ் மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து டிரைவருடையது.